லேத்தை நிறுத்திய சிவப்புக் கொடி

புதிதாக ஆராய்ச்சிக்குச் சேர்ந்திருக்கும் உங்கள் மூவரிடமும் என்னைப் பற்றி ஏற்கெனவே சொல்லியிருப்பார்கள். வெளிநாட்டு விருந்தாளி முன்னால் நிதானம் இழந்தவள், துறைத் தலைவரைத் தலைகுனிய வைத்தவள், நாட்டின் மானத்தை வாங்கியவள். தேநீர் நேரத்தில் வராந்தாவில் இதைச் சொன்னவர் யார் என்றும் எனக்குத் தெரியும். அன்று அந்த அறையில் அவர் இல்லை.

ஓய்வு பெறும் வயது எனக்கு வரவில்லை. அதற்கு இன்னும் பாதி ஆயுள் இருக்கிறது. ஆனாலும் போகிறேன். நான் வேலை பார்த்த அறைதான் உங்களுக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது. மேசையைத் துடைத்து வைத்திருக்கிறேன். அந்த அறையில் நடந்ததையும் சொல்லிவிட்டுப் போவதுதான் முறை.

அறையின் நடுவில் வெள்ளைத் துணி போர்த்தி நிற்கிறதே, அது அன்பளிப்பாக வந்த காந்தமானி. ஒரு பொருளில் எவ்வளவு காந்தத்தன்மை இருக்கிறது என்று அளக்கும் கருவி. பணக்கார நாடு ஒன்று ஏழை நாடுகளின் ஆராய்ச்சிக்குக் கொடுக்கும் உதவி என்று பெட்டி பெட்டியாக வந்து இறங்கியது. வந்த முதல் கோடையிலேயே நம் ஊர் மின்சாரம் ஏறி இறங்கியதில் உள்ளே ஏதோ ஒன்று போய்விட்டது. என்ன போனது என்று திறந்து பார்க்க எங்களுக்கு உரிமை இல்லை. அவர்கள் நாட்டுப் பொறியாளர் வந்துதான் முத்திரையை உடைக்க வேண்டும் என்பது நிபந்தனை. பொறியாளர் வரவில்லை. உதிரி பாகத்தை நாமே வாங்கலாமென்றால் அந்நியச் செலாவணிக்கு டில்லியில் அனுமதி கேட்க வேண்டும். அனுமதி வந்து சேர்ந்தபோது, அந்தப் பாகத்தைச் செய்வதையே நிறுத்திவிட்டதாக அந்தக் கம்பெனி தெரிவித்தது.

முகப்பு விளக்குகளும் உள்ளே இருந்த விசிறியும் மட்டும் பழுதாகவில்லை. சுவிட்சைப் போட்டால் பச்சையும் சிவப்பும் எரியும், விசிறி ஓடும். வேறொன்றும் நடக்காது. தசரா பூஜையில் கட்டிடத்திலேயே பெரிய சாமந்தி மாலை அதற்குத்தான் விழும்.

எனக்கு அளந்தாக வேண்டியிருந்தது. உதவித்தொகைக் காலம் ஓடிக்கொண்டிருந்தது. அடுப்பில் சுட்டு எடுத்த ஃபெர்ரைட் என்ற காந்தப் பொருளின் வில்லைகள் டப்பா டப்பாவாகக் காத்திருந்தன. ஆகவே நானும் பட்டறையில் லேத் ஓட்டும் செல்வராஜ் அண்ணனும் சேர்ந்து ஒன்று செய்தோம். கோட்டி கடைவீதியில் ரேடியோ பழுது பார்க்கும் கடையிலிருந்து ஒரு பழைய ஸ்பீக்கர் வாங்கினோம். அதன் கூம்பில் மெல்லிய தண்டு ஒன்றை ஒட்டி, தண்டின் முனையில் அளக்க வேண்டிய பொருளை வைத்து, துறையில் முன்பே இருந்த பெரிய மின்காந்தத்தின் நடுவில் தொங்கவிட்டோம். ஸ்பீக்கர் அதிர்ந்தால் பொருளும் மேலும் கீழும் அதிரும். பக்கத்தில் நான் கையாலேயே சுற்றிய செப்புக் கம்பிச் சுருள்களில் கொஞ்சம் மின்னழுத்தம் பிறக்கும். பொருளில் காந்தம் எவ்வளவோ, அழுத்தமும் அவ்வளவு. அன்பளிப்புக் கருவிக்குள் இருப்பதும் இதே தத்துவம்தான். அதற்குப் பளபளப்பான பெட்டி உண்டு. எங்களுடையதற்குச் சவுக்கு மரச் சட்டம்.

செல்வராஜ் அண்ணன் லோத்குண்டாக்காரர். அப்பா காலத்திலேயே வேலூர்ப் பக்கமிருந்து வந்த குடும்பம். தமிழுக்கு நடுவில் ஐதராபாத் பேச்சும் வந்து விழும். கருவி முதன்முதலாகச் சரியான அளவு காட்டிய அன்று என்னைவிட அதிகம் குதித்தவர் அவர்தான்.

“பாத்தியா டாக்டரம்மா? பாட்டு பாடிக்கிட்டிருந்த ஸ்பீக்கரு, இப்ப பிஎச்டி பண்ணுது!”

“நான் இன்னும் டாக்டர் ஆகலண்ணே.”

“ஸ்பீக்கர் ஆயிடுச்சு. நீயும் ஆயிடுவ.”

ஒரே ஒரு தொல்லை இருந்தது. பட்டறை அடுத்த சுவருக்கு அந்தப் பக்கம். லேத் ஓடினால் தரை நடுங்கும், எங்கள் அளவு தாறுமாறாகத் துள்ளும். ஒவ்வொரு முறையும் ஓடிப்போய் நிறுத்தச் சொல்லி அலுத்துவிட்டது. எங்கள் அப்பா லாலாகுடா ரயில்வே பட்டறையில் வேலை பார்ப்பவர். அவரிடம் பழைய சிவப்புக் கொடி ஒன்று கேட்டேன்.

“உன் காலேஜுல வண்டி ஏதும்மா? கொடி எதுக்கு?”

“வண்டி இல்லப்பா. லேத் சத்தத்த நிறுத்தணும்.”

“சத்தத்துக்குக் கொடி போடுற மொத ஆளு நீதான்” என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார்: “ஒண்ணு ஞாபகம் வச்சுக்க. ரயில் பொட்டிக்கு அடியில ஆளு பூந்தா கொடி போட்டுட்டுத்தான் பூருவான். கொடிய போட்டவன்தான் எடுக்கணும். மேஸ்திரியே வந்தாலும் தொடக் கூடாது. தொட்டா உள்ள இருக்கறவன் செத்தான்.”

அந்த விதியை அப்படியே செல்வராஜ் அண்ணனிடம் சொன்னேன். பட்டறை வாசலில் ஒரு ஆணி அடித்தார். நான் கொடியை மாட்டினால் லேத் நிற்கும், நான் எடுத்தால் ஓடும். எங்கள் இருவருக்குள் வேறு பேச்சே தேவைப்படவில்லை.

இப்போது கோபம் வருகிற இடத்துக்கு வருகிறேன்.

அந்தக் கருவியில் அளந்ததை வைத்து ஒரு கட்டுரை எழுதினேன். எப்படி அளந்தோம் என்ற பகுதியில் ஸ்பீக்கரைப் பற்றியும் சுருள்களைப் பற்றியும் விரிவாக எழுதித் தட்டச்சுக்குக் கொடுத்தேன். வெளிநாட்டுப் பத்திரிகையில் அது அச்சாகி வந்தபோது அந்தப் பகுதி முழுவதும் காணோம். அந்த இடத்தில் ஒரே வரி: அளவுகள் இன்ன கம்பெனியின் இன்ன காந்தமானியில் எடுக்கப்பட்டன. வெள்ளைத் துணிக்குள் செத்துக் கிடந்த அதே கருவி.

துறைத் தலைவரிடம் போனேன். அவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ரயில்வே காலனியிலிருந்து வந்த பெண்ணுக்கு ஆராய்ச்சி இடம் எதற்கு என்று தேர்வுக் குழுவில் கேட்டவரோடு சண்டை போட்டு என்னைச் சேர்த்தவர் அவர். பாடம் எடுத்தால் நாற்காலி காலியிருக்காது. ஆகவே அவர் சொன்ன பதில் எனக்கு இரண்டு மடங்கு வலித்தது.

“கூம்பு, சவுக்குக் கட்டைன்னு எழுதினா அங்க எவன்மா போடுவான்? உன் நல்லதுக்குத்தான் மாத்தினேன்.”

“சார், அது பொய்.”

“ரிசல்ட் பொய்யா? எண்ணெல்லாம் உன் எண்ணுதானே?”

“எண் என்னோடது. எடுத்த கருவியும் என்னோடது சார்.”

“கோவப்படாதே. பேர் வந்திருக்கு பார், அதைக் கொண்டுபோய் அப்பாகிட்ட காட்டு.”

எங்கள் வீட்டில் அப்பா சம்பளப் பட்டியலில் பெருவிரல் வைப்பவர். பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அச்சில் வருவதெல்லாம் உண்மை என்று நம்பித்தான் எங்கள் வீட்டில் என்னைப் படிக்க அனுப்பினார்கள். என் பெயருக்குக் கீழே ஒரு பொய்யை வைத்து அதை அவருக்குக் காட்டச் சொன்னால் எனக்கு உடம்பு எரியாதா? நான் காட்டவில்லை.

பொய் சும்மா இருக்காது. அது வேலை செய்யும். அந்தக் கட்டுரையைப் படித்து, கருவியைக் கொடுத்த நாட்டார் மகிழ்ந்து போனார்கள்: நாம் கொடுத்த கருவி ஐதராபாத்தில் அற்புதமாக ஓடுகிறது! இன்னொன்று கொடுக்கலாமா என்று பார்க்க ஒருவரை அனுப்புவதாகச் சொன்னார்கள். இந்தப் பக்கம் நிர்வாகம் கணக்குப் போட்டது. வெளிநாட்டுக் கருவியே இவ்வளவு நன்றாக ஓடும்போது கருவி செய்யும் பட்டறை எதற்கு? வருகிறவர் நல்லபடியாக அறிக்கை கொடுத்ததும் பட்டறையை மூடிவிட்டு, லேத்தை விற்று, ஆட்களை விடுதியின் தண்ணீர் மோட்டார் பார்க்க அனுப்பிவிடலாம்.

செல்வராஜ் அண்ணன் இதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். “மோட்டார் நல்ல வேலைதான். காலைல ஆன், சாயந்தரம் ஆஃப். மூளைய வீட்லயே வச்சிட்டு வரலாம்.” அவர் கையில் அப்போது எனக்காகக் கடைந்துகொண்டிருந்த பித்தளைத் துண்டு இருந்தது. அதை அவர் கீழே வைக்கவில்லை.

வருகிறவர் பொருளாதார நிபுணர். வளரும் நாடுகளைப் பற்றி எழுதுகிறவர். அவர் வரும் நாளன்று எங்கள் கருவியை மரத் தடுப்புக்குப் பின்னால் தள்ளி வைக்கச் சொன்னார் தலைவர். அன்பளிப்பின் வெள்ளைத் துணி எடுக்கப்பட்டது. பட்டுப் புடவை கட்டிக்கொண்டு அதன் பக்கத்தில் நிற்பது என் வேலை.

“பிசிக்ஸ் தெரியாதவர்மா. விளக்கு எரியறதைக் காட்டு, போதும்.”

“அளந்து காட்டச் சொன்னா என்ன சார் பண்றது?”

“எகனாமிஸ்ட் எதையும் அளக்க மாட்டான். மத்தவன் அளந்ததைக் கூட்டிக் கழிப்பான்.”

பட்டுப் புடவை கட்டவில்லை. தினமும் கட்டும் பருத்திப் புடவையில்தான் போனேன்.

வந்தவர் உயரமான மனிதர், மரியாதையானவர். விளக்குகளைப் பார்த்தார், விசிறிச் சத்தத்தைக் கேட்டார், தலையசைத்தார். பிறகு கோட்டுப் பையிலிருந்து சிறிய டப்பா ஒன்றை எடுத்தார். உள்ளே மிளகு அளவில் ஒரு உலோக மணி. “கருவி செய்த கம்பெனி கொடுத்தனுப்பியது. சுத்தமான நிக்கல். இதை அளந்து காட்டினால் கருவி சரியாக இருக்கிறதென்று நான் எழுதிக்கொள்ளலாமாம்” என்றார்.

தலைவரின் முகம் ஒரு கணம்தான் மாறியது. உடனே சிரித்துக்கொண்டே என்னிடம் தமிழில் சொன்னார். விருந்தாளிக்குத் தமிழ் தெரியாது. ஏதோ அறிவியல் பேசுகிறோம் என்று அவரும் சிரித்துக்கொண்டிருந்தார்.

“தடுப்புக்குப் பின்னாடி போய் ரெண்டு நிமிஷம் நின்னுட்டு வந்து நிக்கலோட வேல்யூவைச் சொல்லிடு. உனக்குத்தான் மனப்பாடமாச்சே.”

நீங்கள் என் இடத்தில் நின்று பாருங்கள். எவ்வளவு சுலபம். புத்தகத்தில் இருக்கும் எண்ணை ஒப்பித்தால் விருந்தாளிக்கு மகிழ்ச்சி, தலைவருக்கு இரண்டாவது கருவி, எனக்கு உதவித்தொகை நீட்டிப்பு. அளக்காமலேயே அளவு சொல்லும் நாடு என்று யாருக்கும் தெரியப் போவதில்லை.

மணியை வாங்கிக்கொண்டு தடுப்புக்குப் பின்னால் போனேன். சுவருக்கு அப்பால் லேத் ஓடிக்கொண்டிருந்தது, தரை நடுங்கியது. ஆணியில் மாட்டக் கொடியை எடுத்துக்கொண்டு, தலைவரையும் விருந்தாளியையும் தாண்டி, பட்டறை வாசலுக்குப் போய் மாட்டினேன். லேத் நின்றது. தடுப்புக்குப் பின்னால் கருவியிடம் திரும்பினேன்.

அவ்வளவு நேரம் இருந்த இரைச்சல் நின்றதும் அறையே விசித்திரமாக இருந்தது. “என்ன ஆயிற்று?” என்றார் விருந்தாளி.

“சாப்பாட்டு நேரம்” என்றார் தலைவர். சொல்லிவிட்டு விறுவிறுவென்று வாசலுக்குப் போய்க் கொடியில் கை வைக்கப் போனார். செல்வராஜ் அண்ணன் உள்ளிருந்து வந்து வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்.

“நக்கோ சார், வேணாம். போட்டவங்கதான் எடுக்கணும்.”

“இந்தத் துறைக்கு யாருய்யா தலைவர்?”

“ஹவ் சார், நீங்கதான். கொடி அவங்களுது.”

“நீ லேத்த ஓட்டு, நான் சொல்றேன்.”

“உள்ள ஆள் இருக்கு சார்” என்றார் அண்ணன், என் அப்பா சொன்ன அதே தொனியில். லேத் பக்கம் திரும்பக்கூட இல்லை.

விருந்தாளி இதற்குள் தடுப்பைச் சுற்றி உள்ளே வந்துவிட்டார். சவுக்குச் சட்டத்தையும் ஸ்பீக்கரையும் பார்த்து, “இது என்ன?” என்றார்.

“இதுதான் எங்கள் காந்தமானி. நீங்கள் கொடுத்தது முதல் கோடையிலேயே நின்றுவிட்டது. கட்டுரையில் இருக்கும் எண்கள் இதில் எடுத்தவை. அச்சில் வந்த வரி நான் எழுதியதில்லை” என்றேன். தலைவர் பின்னால் நிற்பது தெரிந்தேதான் சொன்னேன். அவர் மறுக்கவில்லை.

முதலில் எங்களிடமிருந்த நிக்கல் மணியை அளந்தேன். வர வேண்டிய எண் வந்தது. பிறகு அவர் கொண்டுவந்த மணி. எண் குறைவாக வந்தது. கழற்றி மாட்டினேன், அதே குறைவு. எங்கள் நிக்கலை மறுபடி அளந்தேன், சரியாக இருந்தது.

அந்த நேரத்தில் நான் என்ன சொன்னாலும் ஸ்பீக்கர்தான் பொய் சொல்கிறது என்றுதான் உலகம் சொல்லும். ஒரு பக்கம் பெரிய கம்பெனியின் சுத்தமான நிக்கல். மறு பக்கம் கோட்டிக் கடை ஸ்பீக்கர். பட்டறையின் விதியும் அந்த எண்ணில்தான் இருந்தது. ஆனாலும் வந்த எண்ணைத்தான் சொன்னேன். “உங்கள் மணி சுத்தமான நிக்கல் இல்லை. வேறு ஏதோ கலந்திருக்கிறது.”

அவர் புன்னகைத்தார். அந்தப் புன்னகையை நான் மறக்கவில்லை. “அல்லது உங்கள் கருவியில் பிழை இருக்கலாம் அல்லவா?”

“இருக்கலாம். அப்படியானால் கருவியே வேண்டாம்” என்றேன்.

காந்தத்தால் ஈர்க்கப்படும் உலோகத்தைச் சூடாக்கிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் காந்தம் அதை விட்டுவிடும். நிக்கலுக்கு அந்தச் சூடு இவ்வளவு என்று உண்டு. செம்பு கொஞ்சம் கலந்தாலும் அது இறங்கிவிடும். இரண்டு மணிகளையும் மெல்லிய கம்பிகளில் ஊஞ்சல்போல் கட்டி, ஒரு காந்தத்தின் முன்னால் அருகருகே தொங்கவிட்டேன். இரண்டும் காந்தத்தை நோக்கிச் சாய்ந்து நின்றன. இரண்டுக்கும் பொதுவாக ஒரே சுடரைக் கீழே வைத்தேன்.

அவருடைய மணிதான் முதலில் விட்டது. காந்தத்திலிருந்து விலகிப் பின்னால் ஆடியது. எங்களுடையது இன்னும் சாய்ந்தே நின்றது. வெகு நேரம் கழித்துத்தான் விட்டது. ஆறவைத்து, இடம் மாற்றிக் கட்டி, மறுபடியும் காட்டினேன். மறுபடியும் அவருடையதே முதலில்.

வாசலிலிருந்து செல்வராஜ் அண்ணன் மெதுவாகச் சொன்னார்: “கம்பெனிக்காரன் பால்ல தண்ணி ஊத்திட்டான் டாக்டரம்மா.”

விருந்தாளி குனிந்து ஊசலாடும் மணியைப் பார்த்தார். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் அவர் சொன்னது இது: “நாங்கள் கொடுத்த கருவி ஓடுகிறதா இல்லையா என்று பார்க்கத்தான் என்னை அனுப்பினார்கள். நீங்கள் காட்டியதை எழுதுவதற்கு என் அறிக்கையில் இடம் இல்லை.”

எனக்குப் பொறுக்கவில்லை. “ஐயா, ஆள் பலம் அதிகமுள்ள நாடு தன் கைகளை நம்பிப் பிழைக்க வேண்டும் என்று நீங்கள்தானே புத்தகங்களில் எழுதுகிறீர்கள்? இதோ அந்தக் கை. அது செய்ததைப் பார்த்தும் இடமில்லை என்கிறீர்கள். நீங்கள் கொடுத்துச் செத்துப்போன கருவிக்கு மட்டும் இடம் இருக்கிறதா?”

மணி ஆறியதும் அவர் அதைக் கழற்றி டப்பாவுக்குள் வைத்தார். டப்பாவை மூடிப் பையில் போட்டுக்கொண்டார். நான் போய்க் கொடியை எடுத்தேன். லேத் ஓடியது.

அறிக்கை பிறகு வந்தது. பயிற்சி பெற்றவர்கள் இல்லாததால் கருவி நின்றுவிட்டது, எனவே இரண்டாவது கருவியும் அதனுடன் ஒரு பொறியாளரும் அனுப்பப்பட வேண்டும் என்று இருந்தது. நிக்கல் மணியைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. அதில் என்ன கலந்திருந்தது என்று இன்றுவரை எங்களுக்கு யாரும் தெரிவிக்கவில்லை. கேட்டு எழுதினோம்.

தலைவர் பல வாரங்கள் என்னோடு பேசவில்லை. என் உதவித்தொகையை நீட்டிக்கவும் இல்லை. ஆய்வேட்டை முடித்து, பெண்கள் கல்லூரி ஒன்றில் வேலை தேடிக்கொண்டேன். ஆனால் பட்டறையை மூடும் காகிதம் கையெழுத்துக்கு வந்தபோது அவர் கையெழுத்துப் போடவில்லை. ஏன் என்று யாரிடமும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அவர் பயந்தது தமக்காக இல்லை என்று இப்போது புரிகிறது. ஏழை என்பது தெரிந்தால் அறிவில்லாதவன் என்றும் சொல்லிவிடுவார்கள் என்று பயந்தார். அந்தப் பயத்துக்குத்தான் நாட்டு மானம் என்று பெயர் வைத்திருந்தார். அந்த ஒன்றை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை. நம் கையால் செய்ததை ஒளித்து வைத்துவிட்டு இரவல் விளக்கின் பக்கத்தில் நிற்பது எந்த ஊரில் மானம்?

என் அடுத்த கட்டுரை நம் நாட்டுப் பத்திரிகை ஒன்றில் வந்தது. ஸ்பீக்கர், சவுக்குச் சட்டம், சுருள்கள் எல்லாம் அதில் இருக்கின்றன. என் பெயருக்குப் பக்கத்தில் செல்வராஜ் அண்ணன் பெயரும் இருக்கிறது. அதை அப்பாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். “இதுல கொடி எங்கம்மா?” என்று கேட்டார். அதையும் ஒரு வரியில் எழுதியிருந்தேன்: அளக்கும்போது பக்கத்து இயந்திரங்கள் நிறுத்தப்பட்டன. அந்த வரியில் அவர் விரலைப் பிடித்து வைத்தேன்.

இரண்டாவது கருவி சீக்கிரம் வந்துவிடும். மாலை போடுவார்கள். அது ஓடினால் நல்லது, தாராளமாக அதில் அளந்து கொள்ளுங்கள். எனக்கு இயந்திரத்தின் மேல் கோபமில்லை. நின்றுவிட்டால் தடுப்புக்குப் பின்னால் போங்கள். யார் எவ்வளவு அன்பாகச் சொன்னாலும் அளக்காத எண்ணைச் சொல்லாதீர்கள். அன்பாகச் சொல்லும்போதுதான் அதிகக் கவனம் வேண்டும்.

நேற்று கடைசியாக அளந்தபோது மாட்டிய கொடி பட்டறை வாசலிலேயே இருந்தது. போட்டவள் நான், ஆகவே இன்று காலை நானே எடுத்துவிட்டேன். துவைத்து மடித்து உங்கள் மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். நீங்கள் மாட்டினால் செல்வராஜ் அண்ணன் லேத்தை நிறுத்துவார், சொல்லியிருக்கிறேன். பிறகு கட்டுரை எழுத உட்காரும்போது, எந்தக் கருவிக்காக அவர் லேத்தை நிறுத்தினாரோ அதன் பெயரை எழுதுங்கள்.